கண்ணைக் கூசவைத்த இரண்டு விளக்குகள்



மதரஸாவில் பாடம் நடத்துகின்ற ஒருவன் கார் விளக்குகளைப் பற்றி எழுதுவது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். வயரும் ரிலேவும் எனக்குத் தொழிலல்ல. ஆயினும் கடந்த சித்திரையில் என் கையால் நிகழ்ந்த ஒரு தவறு, நான் பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு நடத்திவந்த பாடத்தையே என்னிடம் திருப்பிக் கேட்டது. அதனை மறைக்காமல் எழுதிவிடுவதே நேர்மை என்று தோன்றியது.

நாங்கள் வசிப்பது சமயபுரத்தில். துறையூரில் என் தாயார் தனியே இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மதரஸாவுக்கு விடுமுறை ஆதலால், வியாழன் இஷா தொழுகை முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு மண்ணச்சநல்லூர், திருவெள்ளறை, புலிவலம் வழியாகத் துறையூர் செல்வது என் வழக்கம். கார் பதினைந்து ஆண்டுகளைக் கடந்தது. எனக்கோ நாற்பத்தாறு வயது. இரண்டு பேருடைய பார்வையும் மங்கத் தொடங்கிய காலம் என்று என் துணைவியார் கேலி செய்வதுண்டு. கேலியாக இருந்தாலும் அதில் உண்மை இருந்தது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இருளில் கண்ணின் பாவை முன்போல் விரிவதில்லை. எதிரொளி பட்டு மங்கிய கண் மீண்டும் இருளுக்குப் பழகவும் நேரமாகிறது.

தை மாதத்தில் ஒரு நாள் திருவெள்ளறையைத் தாண்டியபோது, பின்விளக்கே இல்லாத ஒரு கரும்பு டிராக்டரை மிக அருகில் சென்ற பின்னரே கண்டேன். அல்லாஹ் காப்பாற்றினான். அன்றிரவே, காருக்குக் கூடுதல் விளக்குகள் பொருத்துவது என்று முடிவு செய்தேன்.

திருச்சியில் ஓர் உதிரிப்பாகக் கடையில் 55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டு வாங்கினேன். மெக்கானிக்கிடம் கொடுத்தால் கூலி ஆகும் என்பதாலும், பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மகனுக்குக் கைவேலை ஒன்று கற்றுக்கொடுத்ததாக இருக்கட்டும் என்பதாலும், வீட்டு வாசலிலேயே நாங்களிருவரும் வேலையைத் தொடங்கினோம். பம்பரின் மேல் பட்டை அடித்து விளக்குகளை இருத்துவது எளிதாக முடிந்தது. மின்னிணைப்பில்தான் என் அறியாமை வெளிப்பட்டது. கையில் கிடைத்த மெல்லிய வயரைப் பேட்டரியிலிருந்து இழுத்து, டேஷ்போர்டில் ஒரு சிறு சுவிட்சின் வழியாக நேரே விளக்குகளுக்குக் கொடுத்துவிட்டேன். விளக்கு எரிந்தது. பத்து நிமிடங்களில் சுவிட்சும் எரிந்தது. "அத்தா, பிளாஸ்டிக் உருகுது!" என்று மகன் கத்தியபோதுதான் பேட்டரிக் கம்பியைப் பிடுங்கினேன்.

கணக்கு மிக எளியது, போடத்தான் தவறினேன். இரண்டு விளக்குகளும் சேர்ந்து 110 வாட். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அவை 9 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். என் சுவிட்ச் அதைத் தாங்கக்கூடியதன்று. நடுவில் ஃபியூஸும் இல்லை. அதே தவறு வீட்டு வாசலில் நேராமல் ஓடும் காரில் நேர்ந்திருந்தால், இந்தக் கட்டுரையை வேறு யாராவதுதான் எழுதியிருப்பார்கள்.

என்னிடம் குர்ஆன் ஓதிய முன்னாள் மாணவர் ஒருவர் இன்று வாகன எலக்ட்ரீசியன். அவரை அழைத்தேன். வந்து பார்த்தவர், மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கைப்பையிலிருந்து ஒரு ரிலேவை எடுத்தார். அதன் அடியில் நான்கு கால்கள். 30, 85, 86, 87 என்று எண்கள். பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக வரும் தடித்த வயர் 30-க்கு, விளக்குகளுக்குச் செல்வது 87-லிருந்து, 85 எர்த், 86-க்கு சுவிட்சிலிருந்து வரும் மெல்லிய வயர். சுவிட்ச் வழியாக ரிலேயின் சுருளுக்குச் செல்லும் மின்சாரம் மிகச் சொற்பம். பெரிய மின்னோட்டம் சுவிட்சை அண்டாமல், ரிலேயின் உள்ளே மட்டும் பாய்கிறது. ஃபியூஸைப் பேட்டரிக்கு மிக அருகிலேயே வைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். வயர் எங்கேனும் உரசி வெளியுறை கிழிந்தாலும் ஃபியூஸ் முந்திக்கொண்டு அறுந்து, தீப்பிடிப்பதைத் தடுக்கும். எர்த் வயர் திருகும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரிந்த பின்னரே போல்ட்டை முடுக்கினார். வீட்டில் இவ்வேலை செய்ய விரும்புகிறவர்கள் இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். அந்தப் பகுதியில் என்மீது இனி குறையில்லை. குறை அடுத்த பேச்சில்தான் வந்தது.

"ஹஜ்ரத், 86-ஐ ஹை பீம் வயரோட சேர்த்துக் கொடுத்திடறேன். நீங்க டிம் பண்ணினா இதுவும் தானா அணைஞ்சிடும்" என்றார்.

"வேண்டாம் தம்பி, தனி சுவிட்சாகவே இருக்கட்டும். டிம் போடும்போதும் எனக்கு வெளிச்சம் வேண்டும்" என்றேன்.

"எதிர்ல வர்றவங்களுக்குக் கண் கூசும் ஹஜ்ரத்."

நான் பிடிவாதமாக இருந்தேன். ஆசிரியருக்கு எதிராக அவரால் அதற்குமேல் பேச முடியவில்லை. போகும்போது, விளக்குகளைச் சற்றுக் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சென்றார். அவர் போனபின் நானும் மகனும் எதிர்வீட்டுச் சுவரில் ஒளி விழும்படி காரை நிறுத்தினோம். எவ்வளவு உயர்த்தினால் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பார்த்தோமே ஒழிய, யார் கண்ணில் படும் என்று பார்க்கவில்லை. மாடித் தண்ணீர்த் தொட்டி வரை வெளிச்சம் பாய்ந்தது. எனக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

சமயபுரத்தை அறிந்தவர்களுக்குச் சித்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மாசி மாதக் கடைசி ஞாயிறன்று மாரியம்மன் கோயிலில் பூச்சொரிதல் தொடங்கியது முதல் சித்திரைத் தேரோட்டம் வரை, எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் கால்நடையாக வருகிறார்கள். பகல் வெயிலுக்கு அஞ்சி இரவில் நடப்பவர்களே மிகுதி. மஞ்சள் ஆடை, வேப்பிலை, தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை, வெறுங்கால். அவர்களுடைய வழிபாடு நம்முடையதன்று. ஆனால் அவர்கள் நம் அண்டை வீட்டார். அவர்களின் உயிர் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்; குறிப்பாக ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் கையில். 2024 ஜூலையில் தஞ்சாவூர் – திருச்சி நெடுஞ்சாலையில் வளம்பக்குடி அருகே, சமயபுரம் நோக்கி நடந்து வந்தவர்கள்மீது சரக்கு வாகனம் மோதி உயிர்கள் பறிபோன செய்தியை நாமெல்லாம் படித்தோம். நானும் படித்தேன். வகுப்பில் அதுபற்றிப் பேசவும் செய்தேன்.

தேரோட்டத்திற்குச் சில நாட்களுக்கு முந்திய வியாழன் இரவு. சமயபுரத்திலிருந்து மண்ணச்சநல்லூர் நோக்கிச் சென்றுகொண்டிருந்தேன். எதிர்ப்புறம் முப்பது பேர் அளவில் ஒரு கூட்டம் சாலையோரமாக என்னை நோக்கி நடந்து வந்தது. பழக்கத்தால் ஹெட்லைட்டை டிம் செய்தேன். ஒரு நல்ல ஓட்டுநரின் கடமையைச் செய்துவிட்ட திருப்தியும் கொண்டேன். பம்பர் விளக்குகள் இரண்டும் எரிந்துகொண்டே இருந்தன. கூட்டத்திற்குப் பின்னால், அவர்கள் வந்த திசையிலேயே, இருசக்கர வாகனத்தில் ஓர் இளைஞர் வந்தார். என் வெளிச்சம் அவர் முகத்தில் அறைந்தது. தமக்கு முன்னால் மனிதர்கள் நடக்கிறார்கள் என்பதே அவருக்குத் தெரியவில்லை. கடைசி நொடியில் ஒரு மஞ்சள் புடவை தென்பட, பிரேக்கை அழுத்தி, வண்டியோடு சரிந்து, தேய்த்துக்கொண்டு வந்து நின்றார். ஒரு மூதாட்டியின் காலுக்கும் அவருடைய சக்கரத்துக்கும் இடையே இருந்தது இரண்டு முழம்தான்.

காரை நிறுத்தி ஓடினேன். இளைஞருக்கு முழங்கையிலும் முழங்காலிலும் சிராய்ப்பு, வண்டியின் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ், அவ்வளவே. மூதாட்டி இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு சாலையோர மண்ணில் உட்கார்ந்துவிட்டார். என் தொப்பியையும் தாடியையும் பார்த்தவர், கோபமாகக்கூட இல்லாமல் கேட்டார்: "நடந்து போற சனம் பாய் நாங்க. கண்ணைப் பிடுங்குற மாதிரி லைட்டு போட்டா, காலை எங்க வைக்கிறது?"

பதில் சொல்ல முடியாமல் திரும்பினேன். என் காரின் விளக்குகள் நேராக என் கண்ணில் பட்டன. காரும் தெரியவில்லை, சாலையும் தெரியவில்லை; வெள்ளையாக ஒரு சுவர். விளக்கை அணைத்த பின்னரும் சிறிது நேரம் கண்ணுக்குள் இரண்டு ஊதா வட்டங்கள் மிதந்தன. இதை வாங்கிப் பொருத்திய இத்தனை வாரங்களில் ஒரு முறையேனும் நான் அதற்கு முன்னால் நின்று பார்த்திருக்கவில்லை.

இளைஞரை மண்ணச்சநல்லூரில் ஒரு கிளினிக்கிற்கு அழைத்துச் சென்று மருந்திட்டு, டி.டி. ஊசி போடச் செய்தேன். கண்ணாடிக்கான பணத்தை "விடுங்க பாய்" என்று மறுத்தார். அவரிடம் நான் வற்புறுத்தியதற்குக் காரணம் இரக்கமன்று. அது அவருக்குரிய ஹக்கு.

ஹனஃபி சட்ட நூலான ஹிதாயாவில், பொதுவழியில் சவாரி செய்பவன் பிறருக்கு விளைவிக்கும் சேதத்தைப் பற்றிய பாடம் ஒன்று உண்டு. பொதுவழியில் செல்வது எல்லோருக்கும் உரிய உரிமை; ஆனால், தவிர்க்கக்கூடிய தீங்கு பிறருக்கு நேராதிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கூடிய உரிமை. ஆகவே சவாரிப் பிராணி மிதித்தாலும், முட்டினாலும், கடித்தாலும் சவாரி செய்பவன் பொறுப்பாளி. ஓடும்போது அது பின்னங்காலால் உதைப்பதற்கும் வாலால் அடிப்பதற்கும் அவன் பொறுப்பல்லன்; ஏனெனில் அதைத் தவிர்ப்பது அவன் சக்தியில் இல்லை. இந்த வேறுபாட்டை ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறேன். அன்றிரவு துறையூர் போய்ச் சேரும்வரை, என் விளக்கு பின்னங்கால் உதையா, முன்னங்கால் மிதியா என்று எனக்குள்ளேயே வாதாடிப் பார்த்தேன். தவிர்க்க முடியாதது என்று சொல்ல ஒரு வழியும் கிடைக்கவில்லை. தவிர்க்கும் வழியை ஒரு மாணவர் என் வாசலில் நின்று சொல்லியிருந்தார். பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்ற நபிமொழியை நான் சிறுவர்களுக்கு மனனம் செய்விப்பவன். நானோ பணம் கொடுத்து வாங்கித் தொல்லையைப் பாதையில் வைத்திருந்தேன்.

சட்டத்தையும் அதன் பிறகே தேடிப் படித்தேன். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 106-ஆம் விதி, விளக்கிற்கு 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்புறம், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் உள்ள ஒருவருக்குக் கூசாதபடி ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. 111-ஆம் விதி, முன்புறத்தில் ஸ்பாட் லைட் பொருத்துவதைத் தனி அனுமதியின்றித் தடுக்கிறது. உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் வலியுறுத்தியிருக்கிறது. முன்பெல்லாம் ஹெட்லைட் கண்ணாடியில் கறுப்புப் பொட்டு ஒட்டியிருப்பார்கள். சிறுவயதில் அதைத் திருஷ்டிப் பொட்டு என்றே நான் நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை மாணவரை மீண்டும் அழைத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தைகூடக் குத்திப் பேசவில்லை. மல்டிமீட்டரை எடுத்து, பழைய ஹெட்லைட்டையே சோதித்தார். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், பல்பின் முனையில் 12.3 தான். ஒன்றரை வோல்ட் வழியிலேயே, பழைய வயரிலும் துருப்பிடித்த எர்த்திலும் தேய்ந்த சுவிட்சிலும் கரைந்துகொண்டிருந்தது. ஹாலஜன் பல்பில் வோல்ட் சற்றுக் குறைந்தாலும் வெளிச்சம் பன்மடங்கு குறையும். இந்த அளவு குறைந்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும் என்றார். ஆக, எனக்குத் தேவைப்பட்டது கூடுதல் விளக்கல்ல. இருந்த விளக்கிற்குச் சேர வேண்டியது சேரவில்லை, அவ்வளவே.

பம்பர் விளக்குகளைக் கழற்றினோம். அதே ரிலே முறையில், தடித்த வயரும் ஃபியூஸும் வைத்து ஹெட்லைட்டுக்கு நேர் இணைப்புக் கொடுத்தார். எர்த் முனைகளை உப்புத்தாளால் தேய்த்தோம். மஞ்சள் படிந்த கண்ணாடியை மகன் மெருகேற்றினான். பின்னர் சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தி, விளக்கின் உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடிட்டு, டிம் ஒளியின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழும்படி திருகினோம். கடைசியாக, 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்புறம் தள்ளி மகனை நிற்க வைத்தேன். அவன் கண்ணின் உயரம் ஏறக்குறைய விதி சொல்லும் உயரமே. "கூசல அத்தா" என்றான். நம்பாமல் நானும் போய், சற்றுக் குனிந்து நின்று பார்த்தேன்.

இப்போது சாலை போதுமான அளவு தெரிகிறது. தண்ணீர்த் தொட்டி தெரிவதில்லை. வேகத்தையும் குறைத்துக்கொண்டேன்; துறையூர் போய்ச் சேரப் பத்து நிமிடம் கூடுதலாகிறது. தராவீஹ் முடிந்து தெருவில் நடந்து வரும் நம் பெரியவர்கள், எதிரே வரும் எல்.இ.டி. வெளிச்சத்தில் சுவரைத் தடவி நிற்பதைப் பார்க்கும்போது, அந்த வண்டிக்காரரை நிறுத்திப் பேசுகிறேன். என் கதையைச் சொன்ன பின்னரே பேசுகிறேன். அப்போது சிலர் கேட்கிறார்கள்.

கழற்றிய விளக்குகள் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் கிடக்கின்றன. பக்கத்துத் தெருவில் ஒருவர் பாதி விலைக்குக் கேட்டார். எங்கே பொருத்தப் போகிறீர்கள் என்று கேட்டேன். காரின் கூரைமேல் என்றார். தோட்டத்து மோட்டார் அறைக்கு வேண்டுமானால் இலவசமாகவே தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இன்னும் அவர் வரவில்லை.