ஸ்டார்ஃப்ரூட் விதை: வாங்கலாமா, வேணாமா?

ஆணி கொஞ்சம் அதிகமாயிட்டதால இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து நாலு மாசம் ஆச்சு மக்களே. "எங்கய்யா போனே?"ன்னு கேட்ட ரெண்டு பேருக்கும் நன்றி. அதுல ஒருத்தர் தங்கமணி. :-)

இந்த நாலு மாசத்துல உருப்படியா செஞ்ச ஒரே காரியம் விவசாயம். சிரிக்காதீங்க. கம்ப்யூட்டர்லதான். 'ஸ்டார்டியூ வேலி'ன்னு ஒரு விளையாட்டு. எரிக் பரோன்னு ஒரே ஒரு மனுஷன் நாலு வருஷத்துக்கு மேல தனியா உக்காந்து, படம், இசை, கதை எல்லாத்தையும் தானே செஞ்சு 2016 பிப்ரவரி 26-ம் தேதி வெளியிட்டது. நாமெல்லாம் ஒரு பதிவை எழுதி முடிக்கவே நாலு மாசம் எடுத்துக்கறோம், அதைப் பத்தி இப்பப் பேச வேணாம்.

கதை நம்ம ஆளுங்களுக்குன்னே எழுதின மாதிரி இருக்கும். பெரிய கம்பெனியில பொட்டி தட்டிட்டு இருக்கற ஒருத்தன், தாத்தா விட்டுட்டுப் போன பண்ணைக்கு வேலையை உதறிட்டுக் கிளம்பிடறான். கையில 500 காசு. கூட 15 பார்ஸ்னிப் விதை. பார்ஸ்னிப்னா கேரட்டுக்கு வெளுத்துப்போன சித்தப்பா மாதிரி ஒரு கிழங்கு. விதை 20 காசு, நாலு நாள்ல அறுவடை, வித்தா 35 காசு. அவ்வளவுதான் ஆரம்பம்.

ஒரு பருவத்துக்கு 28 நாள். பருவம் மாறினா நிலத்துல நிக்கற பயிரெல்லாம் ஒரே ராத்திரியில காஞ்சு போயிடும் (ரெண்டு பருவம் தாங்கற ஒண்ணு ரெண்டைத் தவிர). இந்த விளையாட்டோட மொத்த சூட்சுமமும் இந்த ஒரு விதியிலதான் இருக்கு. நான் அதைத் தெரிஞ்சுக்கிட்டது அடிபட்டுத்தான்.

முதல் வசந்தத்துல 13-ம் தேதி ஒரு முட்டைத் திருவிழா வரும். அங்க மட்டும்தான் ஸ்ட்ராபெர்ரி விதை கிடைக்கும், ஒண்ணு 100 காசு. எட்டு நாள்ல காய்க்கும், அப்புறம் நாலு நாளைக்கு ஒருதரம். பழம் 120. பார்ஸ்னிப்பையே கட்டிட்டு அழுதவனுக்கு இதைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லு. இருந்ததையெல்லாம் போட்டு வாங்கினேன். வாங்கிட்டு மீன் பிடிக்கப் போயிட்டு, சாவகாசமா 18-ம் தேதி நட்டேன். 26-ம் தேதி ஒரு அறுவடை. அடுத்தது 30-ம் தேதி. ஆனா மாசத்துக்கு 28 நாள்தானே! விதைக்கு 20 காசு லாபம். அவ்வ்வ்வ்...

ரெண்டு நாள் முன்னால, 16-ம் தேதி நட்டிருந்தாலும் ரெண்டு அறுவடை கிடைச்சிருக்கும். அதே விதையைப் பெட்டியில போட்டு வெச்சிருந்து அடுத்த வருஷம் வசந்தத்துல முதல் தேதி நட்டா அஞ்சு அறுவடை, 600 காசு. அதே விதை, அதே 100 காசு. நடற தேதியில இருக்கு எல்லாம்.

சரி, தலைப்புக்கு வர்றேன்.

ஊரு பஸ்ஸைச் சரி பண்ண 42,500 காசு கட்டணும். ரெண்டாம் வருஷ வசந்தத்துலதான் கட்டி முடிச்சேன். பஸ் ஓடினா பாலைவனத்துக்குப் போகலாம். அங்க ஒரு கடையில ஸ்டார்ஃப்ரூட் விதை விக்கறாங்க. விலை 400! நம்ம ஊர்க் கடையில கோடைக்கு விக்கற ப்ளூபெர்ரி விதை 80 காசுதான். அஞ்சு மடங்கு.

வசந்தம் 28-ம் தேதி. கையில 12,500. பஸ் டிக்கெட் 500 போக 12,000. மறுநாள் கோடை முதல் தேதி. வாங்கலாமா, வேணாமா? பேனாவும் பேப்பரும் எடுத்துட்டு உக்காந்துட்டேன்.

ஸ்டார்ஃப்ரூட் 13 நாள் பயிர். ஒரு செடிக்கு ஒரு பழம், 750 காசு. அறுத்ததும் செடி போச்சு. முதல் தேதி நட்டு 14-ல அறுத்து, அன்னிக்கே திரும்ப நட்டா 27-ல இன்னொண்ணு. 1,500 வரவு, 800 செலவு, 700 லாபம்.

ப்ளூபெர்ரியும் 13 நாள்தான். ஆனா ஒருதரம் நட்டா போதும், 14, 18, 22, 26-ன்னு நாலு தடவை காய்க்கும். ஒவ்வொரு தடவையும் 3 பழம், பழம் 50 காசு. 600 வரவு, 80 செலவு, 520 லாபம்.

ஒரு குழிக்குன்னு பார்த்தா ஸ்டார்ஃப்ரூட் ஜெயிக்குது. போட்ட காசுக்குன்னு பார்த்தா ப்ளூபெர்ரி கிட்டயே நிக்க முடியாது. 12,000-க்கு 150 ப்ளூபெர்ரி போட்டா 90,000 வரும். ஸ்டார்ஃப்ரூட்னா 30 விதை. 14-ம் தேதி 22,500 வரும், அதை அப்படியே திருப்பிப் போட்டாலும் 56 விதை, கடைசியில 42,000.

அப்ப ப்ளூபெர்ரிதானேன்னு முடிவு பண்ணிடாதீங்க. 150 செடிக்கு யாரு தண்ணி ஊத்தறது? ஆரம்பத்துல ஒரு செடிக்கு 2 சக்தி, 150-க்கு 300. ஒரு நாளைக்கு மொத்த சக்தியே 270! எங்கிட்ட இருந்தது பத்துத் தெளிப்பான், ஒண்ணு சுத்தியிருக்கற எட்டுச் செடிக்குத் தண்ணி விடும். ஆக 80 குழி.

இன்னொண்ணு, எங்கிட்ட பத்துப் பீப்பாய் இருந்துச்சு. பழத்தைப் போட்டா ஏழு நாள்ல ஒயின். (தங்கமணி, அதுவும் விளையாட்டுலதான்!) ஒயினுக்குப் பழத்தோட விலை மாதிரி மூணு மடங்கு. ப்ளூபெர்ரி ஒயின் 150, ஸ்டார்ஃப்ரூட் ஒயின் 2,250. பீப்பாய்க்கு உள்ள போனது என்ன பழமா இருந்தாலும் அதே ஏழு நாள்தான். அப்ப 50 காசுப் பழத்தைப் போட்டு எவனாவது பீப்பாயை அடைப்பானா?

எனக்குப் புரிஞ்சது இதுதான். "விலை ஒசந்த விதை வாங்கலாமா?"ங்கற கேள்விக்குத் தனியா பதில் கிடையாது. நம்மகிட்ட எது குறைச்சலா இருக்குன்னு பாக்கணும். காசு குறைச்சலா, மலிவான விதை. குழி குறைச்சலா, ஒசந்த விதை. பீப்பாய் குறைச்சலா, ஒசந்த விதையேதான். ஆனா எத்தனை பீப்பாயோ அதுக்குத் தகுந்த அளவு.

இப்படிப் பெரிய மேதாவியாட்டம் பேப்பர்ல கோடு போட்டுட்டு இருக்கும்போதுதான் பின்னால இருந்து குரல்.

"இது எத்தன நாள் பயிரு கண்ணு?"

அப்பா. கண்புரை ஆபரேஷனுக்காக ஆனைமலைப் பக்கத்துல இருந்து வந்து எங்க வீட்டுல தங்கியிருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு டிவி முன்னாடி உக்காந்திருப்பார்னு நினைச்சா, எனக்குப் பின்னால நின்னு எவ்வளவு நேரமாவோ திரையைப் பார்த்துட்டு இருந்திருக்கார்.

"பதிமூணு நாளுங்ப்பா."

"தேவலையே. வெல?"

சொன்னேன். என் பேப்பரை வாங்கிக் கண்ணுக்குக் கிட்ட கொண்டுபோய்ப் பார்த்தார். வாத்தியார் பரீட்சைப் பேப்பர் பார்க்கற மாதிரி மேல இருந்து கீழ வரைக்கும் விரல் வெச்சுப் பார்த்தார்.

"எல்லாரும் இதையவே போட்டுட்டா வெல என்னாகும்?"

"ஒண்ணும் ஆகாதுங்ப்பா. ஊருல விவசாயம் பண்றது நான் ஒருத்தந்தான். எத்தனை கொண்டுபோனாலும் அதே வெலதான்."

"அப்பிடியா!"ன்னார். பொறவு மெதுவா, "அப்ப உன்ற கணக்கு இதுல சரியாத்தான் வரும்"னார்.

'இதுல'ங்கற வார்த்தை எனக்கு மட்டும் கேட்டுச்சு. தங்கமணிக்கு அது ஒண்ணுமில்லை. எனக்குத் தெரியும்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

2000 ஏப்ரல்ல மடகாஸ்கர்ல பெரிய புயல் அடிச்சுது. உலகத்துக்கே அதிகமா வெனிலா விளையற தீவு அது. கொடியெல்லாம் நாசம். அதுக்கப்புறம் வெனிலா விலை ஏறினது ஏறினதுதான். 2003-ல நம்ம பக்கமும் கேரளாவுலயும் பச்சைக் காய் கிலோ ஆயிரக்கணக்குல போச்சு. தென்னந்தோப்பு வெச்சிருந்தவங்க எல்லாரும் வெனிலாவைப் பத்தித்தான் பேசினாங்க. ஒரு முழம் கொடிக்கு அடிதடி.

நான் அப்ப காலேஜ் ரெண்டாம் வருஷம். அப்பாவுக்கு யோசனை. என்னைத்தான் கேட்டார், "படிக்கறவன், கணக்குப் போட்டுச் சொல்லு"ன்னு. சயின்டிஃபிக் கால்குலேட்டர் வெச்சுக்கிட்டு ரெண்டு பக்கத்துக்குப் போட்டேன். கொடி விலை இத்தனை, கம்பு இத்தனை, கூலி இத்தனை, மூணாம் வருஷம் பூக்கும், செடிக்கு இத்தனைக் காய், கிலோ விலை இத்தனை. கடைசி வரியில வந்த தொகையைப் பார்த்து அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டது இன்னும் ஞாபகம் இருக்கு. அம்மாவோட வளையல் நாலும் அடகுக்குப் போச்சு.

வெனிலாப் பூ காலையில விரிஞ்சு அன்னிக்கே வாடிடும். நம்ம ஊர்ல அதுக்கு மகரந்தம் சேர்க்கப் பூச்சி கிடையாது. ஒவ்வொரு பூவையும் கையால தொட்டுச் சேர்க்கணும். அம்மா வெடியால எந்திரிச்சு, சீவின ஈர்க்குச்சியை எடுத்துக்கிட்டு, பூப்பூவாத் தொட்டுட்டு வரும். அதுக்கப்புறம் காய் முத்த ஒம்பது மாசம்.

எங்க கொடி முதல்ல பூத்தது 2005 கடைசியில. விலை அதுக்கு முன்னாடியே விழுந்தாச்சு. மடகாஸ்கர் திரும்ப எந்திரிச்சிருச்சு, ஒசந்த விலையைப் பார்த்துட்டு உலகம் முழுக்க எல்லாரும் நட்டிருந்தாங்க, வாங்கறவங்க செயற்கை வெனிலினுக்குப் போயிட்டாங்க. எங்க காயைக் கேக்க ஆளே இல்லை. முன்னாடி தோப்புக்கே வந்து நின்ன வியாபாரி போனை எடுக்கலை. பச்சைக் காய்க்கு வாசனை கூடக் கிடையாது, பதப்படுத்தினாத்தான் வரும். வீட்டுல வெச்சு மோந்து பார்த்துக்கவும் முடியாது.

கொடியை அறுத்து மாட்டுக்கிட்ட போட்டார் அப்பா. மாடும் திங்கலை. வளையல் திரும்பி வர நான் வேலைக்குப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. இத்தனை வருஷத்துல ஒருநாள் கூட "உன் கணக்கை நம்பினேனே"ன்னு அப்பா சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அன்னிக்கு ராத்திரி கேட்டுட்டேன். திரையைப் பார்த்துக்கிட்டேதான் கேட்டேன், முகத்தைப் பார்த்துக் கேக்க தைரியம் இல்லை.

"அந்த வெனிலாக் கணக்குல தப்பு எங்கீங்ப்பா?"

கொஞ்ச நேரம் பேசலை. "கூட்டல் பெருக்கல் எல்லாம் சரிதான் கண்ணு. வெலைன்னு ஒரு எண்ணுதான் எழுதியிருந்தே. நானும் அதைப் பார்த்துட்டு, இதென்ன ஒரே எண்ணா இருக்குன்னு கேக்கலை. எனக்குத் தெரிஞ்சிருக்கோணும். தக்காளி போட்டவந்தானே நானு."

அதுக்கு மேல ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசலை. "சரி, எத்தன வெத வாங்கப் போறே?"ன்னார்.

ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணினோம். ஸ்டார்ஃப்ரூட் 20 (8,000 காசு), ப்ளூபெர்ரி 50 (4,000 காசு). 70 குழி, தெளிப்பானுக்குள்ள அடங்கும். மீதி பத்துக் குழியை என்ன பண்றதுன்னு கேட்டேன். "சும்மா கெடக்கட்டும்"னார். 20 பழமும் பத்துப் பீப்பாய்ல ரெண்டு தடவையா ஏத்தி 45,000. ப்ளூபெர்ரி 30,000. மொத்தம் 75,000. கணக்கு ஒரு காசு பிசகாம வந்துச்சு. வராம எங்க போகும்? அங்க மழை தப்பறதில்லை, வியாபாரி ஓடறதில்லை, பெட்டியில வெச்ச பழம் அழுகறதில்லை.

அப்பா அதுக்குள்ள ஊருக்குப் போயிட்டார். போன வாரம் போன் பண்ணினார். "அந்த நச்சத்திரப் பழம் என்னாச்சு?"ங்கறதுதான் முதல் கேள்வி. சொன்னேன். சந்தோஷப்பட்டுக்கிட்டார். பொறவு மெல்ல, "தென்னைக்கு நடுவால ஜாதிக்காய்க் கன்னு நூறு வெக்கலாம்னு இருக்கறேன். சித்த கணக்குப் போட்டுக் குடு"ன்னார்.

ஜாதிக்காய் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அவருக்கு இப்ப 72.

அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. பேப்பர் எடுத்தேன். விலைக்கு இந்த தடவை மூணு கட்டம் போட்டேன். ஒண்ணு இன்னிக்கு விலை, ஒண்ணு அதுல பாதி. மூணாவது கட்டத்துல என்னங்ப்பா எழுதறதுன்னு கேட்டேன்.

"வாங்க ஆளே வர்ல்லைன்னு எழுது"ன்னார். "அப்பவும் சோத்துக்குத் தட்டில்லாம இருந்தாத்தான் வெப்பேன்."

மூணாவது கட்டத்துல நூறு கன்னு தாங்கலை. நாப்பது தாங்குது. நாப்பதுக்குக் குழி எடுக்கச் சொல்லியிருக்காராம்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு விளையாட்டை ஆரம்பிக்கறவங்க கவனத்துக்கு, ஸ்ட்ராபெர்ரி வாங்கினா அன்னிக்கு ராத்திரியே நட்டுடுங்க. மீனு எங்கயும் ஓடிடாது.