வண்ணம் தீட்டிய நாற்காலிகள்

சில ஆண்டுகளுக்கு முன் இலண்டன் மாநகரில் நம் லாத்தாவின் மகன் இல்லத்தில் தங்கியிருந்தோம். புதுவீட்டின் உணவறைக்கு நாற்காலி தேடிக்கொண்டிருந்த மருமகன், ஏலக்கூடம் ஒன்றுக்கு நம்மையும் அழைத்துச் சென்றார். மறுநாள் ஏலம், பொருள்களைப் பார்வையிட அன்று அனுமதி.

எட்டு நாற்காலிகள்; அவற்றுள் இரண்டு கைப்பிடி உள்ளவை. 1790-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் செய்யப்பட்டவை என்றது ஏலப் பட்டியல். கேடய வடிவச் சாய்வு, பிரம்பு பின்னிய இருக்கை, வெளிர்மஞ்சள் பூச்சின்மேல் மெல்லிய பூங்கொடிகள். பல இடங்களில் வண்ணம் உதிர்ந்திருந்தது.

“மரச்சட்டம் உறுதியாக இருக்கிறது மாமா. சுரண்டிவிட்டுப் புதுவண்ணம் அடித்தால் போதும்” என்றார் மருமகன்.

நாம் விடை கூறாமல் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தோம். அடியில் தெரிந்தது பீச் மரம். மகாகனியைவிட மலிவு, எளிதில் உளுத்துப்போவது. வண்ணத்தால் மூடியது அதனால்தான் என்று எண்ணிவிடலாகாது. ஜார்ஜ் ஹெப்பிள்வைட் என்னும் தச்சர் மறைந்தபின் 1788-இல் அவர் மனைவி வெளியிட்ட வரைபட நூல், வண்ண நாற்காலிகளை அண்மையில் தோன்றிய அழகிய வழக்கமென்றே போற்றுகிறது. மகாகனிக்கு வேண்டிய கனம் இவற்றுக்கு வேண்டா. அறையின் திரைக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்ப நிறம் அமைத்துக்கொள்ளலாம் என்கிறது.

அந்த வசதியே இவற்றுக்கு வினையாயிற்று. திரை மாறியபோதெல்லாம் நாற்காலியின் நிறமும் மாறியது. நாம் பார்த்த நாற்காலியின் காலில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. மஞ்சளுக்குக் கீழே பச்சை. அதற்கும் கீழே கருமை. வல்லுநர்கள் இத்தகைய சிறு சில்லை நுண்ணோக்கியில் வைத்து, எந்தப் பூச்சு முந்தியது, எது பிந்தியது என்று கண்டறிவார்கள். சுரண்டிவிட்டால் அதற்கும் வழியில்லை.

நடிகர் டேவிட் காரிக், தேம்ஸ் கரையிலுள்ள தம் ஹாம்ப்டன் இல்லத்திற்குப் பச்சையும் வெள்ளையுமாய் வண்ணம் தீட்டிய மரச்சாமான்கள் வைத்திருந்தார். தாமஸ் சிப்பெண்டேலின் பட்டறையில் செய்யப்பட்டவை எனக் கருதப்படும் அவற்றுட் பல இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. கட்டிலுக்குத் திரையாகத் தொங்கவிட இந்தியாவிலிருந்து வந்த சீட்டித் துணியை 1775-இல் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்தனர். உள்நாட்டு நெசவுத் தொழிலைக் காக்க, நம் நாட்டுச் சீட்டியை அங்குப் பயன்படுத்தச் சட்டம் அன்று தடை விதித்திருந்தது. நம் கைவண்ணத்துக்கு அஞ்சிச் சட்டம் செய்த காலமும் ஒன்று இருந்தது!

நாற்காலிகளுக்குத் திரும்புவோம். இருக்கைச் சட்டத்தின் உட்புறத்தில் தச்சர் உளியால் ரோம எண்கள் வெட்டியிருந்தார். ஒன்றில் பதினொன்று என்றிருந்தது. அப்படியானால் மற்றவை எங்கே? பாகப்பிரிவினையில் போயிருக்கலாம். பன்னிரண்டு நாற்காலிகள் ஒருசேர நின்றால் கிடைக்கும் விலை, தனித்தனியே விற்கும்போது கிடைப்பதில்லை. ஆயினும் பிள்ளைகள் பிரித்துக்கொள்ளத்தான் செய்கிறார்கள்.

அப்போதுதான் மருமகனிடம் நம் வீட்டுத் தொட்டிலைப் பற்றிச் சொன்னோம். உம்மாவின் வாப்பா செய்வித்த மரத்தொட்டில்; பக்கப் பலகைகளில் பூ எழுதியிருக்கும். நம் மூத்த மகள் பிறந்தபோது, பழையதாய் இருக்கிறதே என்று உப்புத்தாள் கொண்டு தேய்த்து வார்னிஷ் அடித்தோம். பளபளத்தது. உம்மா வந்து பலகையைத் தடவிப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தொட்டிலில் அவர்கள் பத்துப் பிள்ளைகளை ஆட்டியவர்கள்.

மருமகன் நாற்காலியை மெதுவாக நிமிர்த்தி வைத்தார்.

மறுநாள் ஏலத்தில் அவர் நான்கு முறை கை உயர்த்தினார். சுத்தியல் விலையின்மேல் ஏலக்கூடத்தார் தமக்கெனச் சேர்க்கும் தொகையையும் கணக்கிட்டுப் பார்த்து ஐந்தாம் முறை கையைக் கீழே இறக்கிக்கொண்டார். தொலைபேசியில் கேட்டவர் எவரோ எட்டையும் எடுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில், “தொட்டிலில் இருந்த பூக்கள் என்ன நிறம் மாமா?” என்று கேட்டார்.

“நீலம்” என்றோம். சற்றுத் தூரம் சென்றபின், சிவப்பாகவும் இருக்கலாம் என்று தோன்றிற்று. கேட்டறிய உம்மா இல்லை.