கைச்சீட்டை வைக்கத் தெரியுது, எழுந்து போகத் தெரியல



கொஞ்சம் நீளமான பதிவு. வயசுப் பிள்ளைங்க இருக்கிற வீடுன்னா தயவுசெய்து கடைசி வரைக்கும் படிங்க.

அன்னதானத்துக்குக் காய் நறுக்க, தேருக்கு வடம் பிடிக்க ஓடி வர்ற பையன்கள்ல சில பேரு ராத்திரியில போன்ல போக்கர் ஆடறாங்க. கிள்ளான்லயும் பிரிக்பீல்ட்ஸ்லயும் நான் தொண்டுக்குப் போற இடங்கள்ல இந்தப் பேச்சு காதுல விழுது. "இது நாலு நம்பர் மாதிரி இல்லண்ணே, முழுக்கக் கணக்கு"ன்னு ஒரு தம்பி சொன்னாரு. நான் உண்டியல் எண்ற குழுவுல இருக்கறவன். கணக்குன்னா சொல்லுங்க, கேக்கறேன்னு உட்கார்ந்துட்டேன். அவர் சொன்னதுல பொய் இல்ல. அதனாலதான் இதை விளக்கமா எழுதறேன். அவர் சம்மதிச்ச பிறகுதான் எழுதறேன். பேரும் ஊரும் வேண்டாம்.

ஆளுக்கு ரெண்டு சீட்டு மறைவா கொடுப்பாங்க. நடுவுல முதல்ல மூணு, அப்புறம் ஒண்ணு, கடைசியா ஒண்ணுன்னு அஞ்சு சீட்டு திறப்பாங்க. ஒவ்வொரு கட்டத்துலயும் பணம் கட்டலாம். எதிராளி கட்டின அளவு நாமும் கட்டினா அது கால். அதுக்கு மேல ஏத்தினா ரேய்ஸ். சீட்டை வச்சிட்டு ஒதுங்கினா ஃபோல்ட்.

நடுவுல 100 வெள்ளி கிடக்குன்னு வச்சுக்குவோம். எதிராளி 50 கட்டறார். நீங்களும் 50 போட்டா மொத்தம் 200. நாலு தடவையில ஒரு தடவை ஜெயிச்சாலே நஷ்டம் இல்ல. அவர் 100 கட்டினா மூணுல ஒரு தடவை ஜெயிக்கணும். விவரமா ஆடறவங்க இதைப் பார்த்துத்தான் கட்டறாங்க. ரேய்ஸுக்கும் காரணம் இருக்கு. கால் பண்ணினா, கடைசியில நம்ம சீட்டு பெருசா இருந்தாத்தான் பணம். ரேய்ஸ் பண்ணினா எதிராளி பயந்து ஒதுங்கினாலும் பணம் நமக்குத்தான். தம்பி இதையெல்லாம் நோட்டுல எழுதி வச்சிருந்தாரு. மூளையுள்ள பிள்ளை.

அதே நோட்டுல நான் ஒரு கணக்கு போட்டேன். ரெண்டு பேரு ஆளுக்கு 3 வெள்ளி வைக்கறாங்க. நடுவுல 6. மூணு சீட்டு திறந்ததும் ஆளுக்கு 6 கட்டினா 18. அடுத்த சீட்டுக்கு ஆளுக்கு 18 கட்டினா 54. கடைசிச் சீட்டுக்கு ஆளுக்கு 54 கட்டினா 162. மூணு வெள்ளியில ஆரம்பிச்சவர் கையிலேர்ந்து 81 வெள்ளி போயிடுச்சு. 3, 9, 27, 81. யாரும் ரேய்ஸ் பண்ணாமலே இவ்வளவு. ஒவ்வொரு படியிலயும் மனசு ஒண்ணுதான் சொல்லும்: "இவ்வளவு போட்டாச்சே, இப்ப விடறதா?"

இன்னொண்ணு, தளத்தை நடத்தறவன் சீட்டே தொடறதில்ல. ஜெயிச்சவர் பணத்துல தன் பங்கை முதல்ல எடுத்துக்குவான். ஆறு பேரு ஆளுக்கு 100 கொண்டு வந்தா 600. ஒரு ஆட்டத்துக்கு 1 வெள்ளி அவன் எடுத்தாலும் 200 ஆட்டத்துல 200 வெள்ளி காணாமப் போகும். போன்ல 200 ஆட்டம்கிறது மூணு மணி நேர வேலை. மிச்சம் 400-ஐத்தான் ஆறு பேரும் அடிச்சுக்கறாங்க.

"திறமைதானே?"ன்னு கேப்பாங்க. தமிழ்நாட்டுல 2022ல கொண்டு வந்த தடைச் சட்டம் ரம்மிக்கும் போக்கருக்கும் செல்லாது, அது ரெண்டும் திறமை ஆட்டம்னு 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிச்சு. 2025 ஆகஸ்ட்ல இந்திய நாடாளுமன்றம் திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆன்லைன்ல ஆடற எதுவும் கூடாதுன்னு சட்டம் போட்டுடுச்சு. நம்ம நாட்டுல கெந்திங் மலையைத் தவிர சட்டப்படி கேசினோ கிடையாது. போன்ல வர்ற தளம் ஜெயிச்ச பணத்தைக் கொடுக்கலன்னா எந்த அலுவலகத்துல போய்ப் புகார் கொடுப்பீங்க?

நமக்குத் தெரிஞ்ச ரெண்டு கதையைப் பாருங்க. சகுனியோட ஆடின தர்மர் பொன்னு, தேரு, யானை, நாடுன்னு ஏத்திக்கிட்டே போனார். அப்புறம் தம்பிமார், அப்புறம் தன்னையே, கடைசியா பாஞ்சாலி. விதுரர் தடுத்தும் எழுந்திரிக்கல. தன்னை இழந்தவருக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏதுன்னு பாஞ்சாலி கேட்டாள். அந்தச் சபையில இருந்த பெரியவங்களால நேரா பதில் சொல்ல முடியல.

நளனும் புட்கரன்கிட்ட எல்லாத்தையும் தோத்தவர்தான். சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு போற நமக்கு அவர் கதை தெரியும். ஆனா ஒரு இடத்தை நாம கவனிக்கறதில்ல. "இனி தமயந்திதான் பாக்கி, அவளை வை"ன்னு புட்கரன் கேட்டப்போ நளன் வைக்கல. நகையைக் கழட்டி வச்சிட்டு, கட்டின துணியோட வெளியே போனார். நாடு போனது போனதுதான். மனைவி போகல. காட்டுல இருந்த தர்மருக்கே இந்தக் கதையைத்தான் பிருகதசுவ முனிவர் சொன்னார்னு மகாபாரதத்துல இருக்கு.

நம்ம தம்பி ஆட்டத்துக்குள்ள நல்லாவே ஃபோல்ட் பண்ணுவார். ராத்திரி ரெண்டு மணிக்கு, விட்டதைப் பிடிக்கணும்னு சின்ன மேசையிலேர்ந்து பெரிய மேசைக்குப் போனதுதான் அவரை இழுத்துடுச்சு. சம்பளம் போச்சு, பேங்க் கடன் ஏறிச்சு, அம்மா சங்கிலி அடகுக் கடைக்குப் போச்சு. ஒவ்வொண்ணும் அவருக்கு இன்னொரு ரேய்ஸ்தான். நோட்டுல இருந்த கணக்குல அம்மா சங்கிலி எங்கயும் இல்ல.

ஆடற பிள்ளைங்களுக்கு ஒரே வார்த்தை. நடுவுல போட்ட பணம் இனி உங்களோடது இல்ல. நல்ல ஆட்டக்காரன் யாரும் போட்டதைப் பார்த்து அடுத்ததைக் கட்ட மாட்டான். நீங்க படிச்ச பாடம்தான் அது. இதுவரைக்கும் போனதையும் அப்படியே நினைச்சு எழுந்திரிங்க.

பெற்றோருக்கு: கத்தாதீங்க. கடன் எவ்வளவுன்னு முழுசா கேட்டு ஒரு தாள்ல எழுதுங்க. பணத்தைப் பிள்ளை கையில கொடுக்காதீங்க, கடன் கொடுத்த இடத்துல நேரா கட்டுங்க. பேங்க் கடன்னா ஏ.கே.பி.கே. இருக்கு. பேங்க் நெகாரா 2006ல அமைச்சது, ஆலோசனைக்குக் காசு வாங்க மாட்டாங்க. அந்தத் தம்பியும் அவங்க அம்மாவும் அங்கதான் போய்ட்டு வந்தாங்க, இப்ப மாசாமாசம் கட்டறாங்க. வட்டி முதலைகிட்ட வாங்கியிருந்து மிரட்டல் வந்தா உடனே போலீஸ். பிள்ளை மனசு உடைஞ்சு பேசினா தனியா விடாதீங்க, பெஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, ராத்திரியிலயும் எடுப்பாங்க.

யாருகிட்ட சொல்றதுன்னு தெரியலன்னா வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் அன்னதானக் கூடத்துக்கு வாங்க. பாத்திரம் கழுவற இடத்துல இருப்பேன். கேட்டது வெளியே போகாது.

ஓம் நமசிவாய.