சயாமுல இருந்து திரும்பி வந்தவங்க

 

ஆடி அமாவாசை தர்ப்பணத்துக்குப் பேர் எழுதற வேலை இந்த வருஷமும் என்கிட்டதான். பேர், கோத்திரம், திதி கேட்டு எழுதுவோம். புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டங்கள்ல இருந்து வந்த பழைய குடும்பங்கள்ல சில பேருக்கு மட்டும் திதி இருக்காது. "சயாமுக்குப் போனாரு, வரல." அவ்வளவுதான் சொல்வாங்க. திதி தெரியாதவங்களுக்கும் அமாவாசை உண்டு, அதனால எழுதிக்குவோம்.

ஆனா போய்த் திரும்பி வந்தவங்களும் இருந்தாங்க. அவங்களைப் பத்தி நாம அதிகம் பேசறதில்ல. இன்னைக்கு அதைத்தான் எழுதறேன்.

இளைய பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்லிடறேன். ஜப்பான்காரன் காலத்துல சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவுல 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டான். 1942ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர் 17ல ரெண்டு பக்கத் தண்டவாளமும் சேர்ந்துச்சு. மூணு மாச வேலை, நாளுக்கு ஒரு வெள்ளின்னு சொல்லித் தோட்டத்து ஆட்களைக் கூட்டிட்டுப் போனாங்க. பிறகு பிடிச்சே கொண்டு போனாங்க. சரக்கு வண்டியில ஏத்திக் காட்டுல இறக்கினாங்க. அடைமழை, பசி, கால் புண், காலரா. கைதியா இருந்த வெள்ளைக்கார சிப்பாய்கள் 12,000 பேருக்கு மேல செத்தாங்க. அவங்களுக்குக் காஞ்சனபுரியில பேர் பொறிச்ச கல்லறை வரிசையா இருக்கு. ஆசியத் தொழிலாளிகள் செத்தது 90,000 வரைக்கும் இருக்கும்னு கணக்கு. அதுல நம்ம தமிழருங்க எத்தனையோ ஆயிரம். பெரும்பாலானவங்களுக்குப் பேர் எழுதின கல் கிடையாது.

எங்க தாத்தா போனாரு, வந்தாரு. 1945 ஆகஸ்ட்டுல ஜப்பான் சரணடைஞ்ச பிறகும் பல பேர் ஊர் திரும்ப முடியாம மாசக்கணக்கா அங்கேயே கிடந்தாங்க. தாத்தா தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது 1946ல. அதுக்குள்ள அவர் கூட்டத்துல எல்லாரும் வாந்திபேதியில போய்ட்டாங்கன்னு சேதி வந்துடுச்சு. தாலியைக் கழட்டச் சொல்லிப் பாட்டியை உறவுக்காரங்க நெருக்கினாங்க. "கண்ணால பாக்காம கழட்ட மாட்டேன்"னு பாட்டி நின்னுட்டாங்க.

வந்தவரைப் பாட்டிக்கே அடையாளம் தெரியல. என் அப்பாவுக்கு அப்போ நாலு வயசு. பயந்து அழுதுகிட்டுப் பக்கத்து லயத்துக்கு ஓடிட்டாராம்.

ஆள் வந்தாரு, மனசு வரல. வீட்டுக்குள்ள படுக்க மாட்டாரு, அஞ்சடியில சுவத்துல சாஞ்சு உக்காந்தே தூங்குவாரு. ராத்திரி மழை பிடிச்சா எழுந்து கத்துவாரு. யாராவது வாந்தி எடுத்தா அந்த இடத்துல நிக்க மாட்டாரு. பெத்த பிள்ளையைத் தூக்கவே இல்ல. மறுவாரமே பால் வெட்டப் போகணும், பெரட்டுக்கு நிக்கணும். என்ன ஆச்சுன்னு யாரும் கேக்கல. காத்து கருப்பு அடிச்சிருக்குன்னு கயிறு கட்டினாங்க. அவர் மாதிரி வந்த சில பேர் கள்ளுக்கடையே கதின்னு கிடந்து போய்ச் சேர்ந்தாங்க.

தாத்தாவைப் பிடிச்சு நிறுத்தினது ரெண்டு பேர். ஒருத்தர் பாட்டி. எதையும் தோண்டிக் கேக்கல. அவர் அஞ்சடியில படுத்தா இவங்களும் வாசப்படிகிட்ட பாயைப் போட்டுப் படுத்தாங்க. இன்னொருத்தர் கோயில் பூசாரி. "தெனம் விடியக்காலை பெரட்டுக்கு முன்னாடி வெளக்கு ஏத்தறது உன் பொறுப்பு"ன்னு சொல்லிட்டாரு. எண்ணெய் தூக்கிட்டுப் போற வேலையை என் அப்பாகிட்டக் கொடுத்தாரு. அப்பனும் பிள்ளையும் பேசாம இருட்டுல சேர்ந்து நடப்பாங்களாம். எத்தனையோ மாசம் கழிச்சு ஒரு நாள் வழியில பாம்பு கிடந்ததுன்னு தாத்தா அப்பாவைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டாரு. அப்பா இதைச் சொல்லும்போது குரல் மாறிடும்.

வெளக்கு ஏத்தும்போது தாத்தா வாய்க்குள்ள ஏதோ முணுமுணுப்பாரு. மந்திரம்னு நெனச்சாங்க. பாட்டிக்கு மட்டும் தெரியும். அது அங்கேயே செத்துப்போன தோட்டத்து ஆட்களோட பேர்.

மழையும் தூக்கமும் கடைசிவரைக்கும் அவருக்குச் சரியாகல. ஆனா குடும்பத்தோட உக்காந்து சாப்பிட்டாரு, பேரப்பிள்ளைகளைத் தூக்கினாரு. அந்த அளவுக்கு வர ஏழெட்டு வருஷம் ஆச்சுன்னு பாட்டி சொல்வாங்க.

இந்த மாதிரி மனக்காயத்துக்கு டாக்டருங்க தனிப் பேர் வச்சு முறையா எழுதினதே 1980லதான். இப்போ நமக்கு வழி இருக்கு. பட்டாளத்துல இருந்து வந்தவங்க, விபத்துல தப்பினவங்க, பிள்ளையைப் பறிகொடுத்தவங்க நம்ம கோயிலுக்கும் வர்றாங்க. தூங்க முடியாம, யார்கிட்டயும் ஒட்டாம இருக்கறவங்களுக்கு விபூதி போடுங்க, வேண்டிக்கங்க. அதோட நிறுத்தாதீங்க. கிளினிக் கெசிஹாத்தானுக்குக் கூட்டிட்டுப் போங்க. சுகாதார அமைச்சோட ஹீல் எண் 15555க்கும் பேசலாம். "இன்னுமா அதையே நெனச்சிட்டிருக்க"ன்னு மட்டும் கேக்காதீங்க. கோயில்ல ஒரு சின்ன வேலை கொடுங்க, கூட ஒரு ஆளையும் அனுப்புங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். உங்க குடும்பத்துல சயாமுக்குப் போனவங்க, திரும்பினவங்க, திரும்பாதவங்க யாரா இருந்தாலும், வீட்டுப் பெரியவங்ககிட்டக் கேட்டுப் பேரும் தோட்டத்து பேரும் எழுதிக் கொண்டு வாங்க. அமாவாசைக்கு முந்தின வெள்ளி பூஜை வரைக்கும் அலுவலக மேசையில நான் இருப்பேன். பணம் எதுவும் வேண்டாம். சங்கல்பத்துல எல்லாப் பேரையும் வாய்விட்டுப் படிக்கறதா ஐயரு ஒத்துக்கிட்டாரு.

அம்மன் துணை.