ஒரகடத்தில் ஒரு கால் கிலோ ஈரல்

ஞாயிறு காலை 7 மணி. ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வாலாஜாபாத் சாலையில் கொஞ்சம் தள்ளி ஒரு கறிக்கடை. நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கிய பையன்கள், கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க நிற்கிறார்கள். அப்போதுதான் ஓர் ஆட்டை உரித்திருந்தார் பாய்.

"ஈரல் கால் கிலோ" என்றேன். ஈரலைக் கவிழ்த்தார். அடியில் ஒட்டிக்கொண்டு கரும்பச்சையாக ஒரு பை. கத்தியை வைத்துவிட்டு விரலாலேயே பிரித்தார். "இது உடைஞ்சா அவ்ளோதான் சார், எவ்ளோ கழுவினாலும் கசப்பு போகாது."

"பித்தம் இதுலதான ஊறுது?" என்றான் பின்னால் நின்றவன். இல்லை, பை வெறும் தொட்டி. நம் பித்தப்பை ஏறக்குறைய 50 மில்லிதான் கொள்ளும். வந்த பித்தநீரில் தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி வைக்கும். கொழுப்பு குடலில் இறங்கியதும் சுருங்கிப் பீச்சும்.

ஊறுவது ஈரலில். பாய் துண்டு போடும்போது வெட்டிய முகத்தை உற்றுப் பார்த்தேன். தெரிந்த ஓட்டைகள் பெரிய குழாய்கள். பித்தம் பிறக்கும் இடம் கண்ணுக்குத் தட்டுப்படாது. ஒட்டி நிற்கும் இரண்டு ஈரல் செல்களுக்கு நடுவில் மயிரிழையிலும் மெல்லிய வாய்க்கால் அது. செல்கள் பித்த உப்பை அதற்குள் தள்ளும். உப்பு போன வழியே தண்ணீரும் இழுபட்டுப் போகும். ரத்தம் ஒரு திசையில் ஓட, பித்தம் எதிர்த்திசையில் வடியும். நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல், சிலருக்கு 1 லிட்டர் வரை. மஞ்சள் நிறம் 120 நாள் ஓடி ஓய்ந்த சிவப்பணுக்களின் மிச்சம்.

எனக்குப் பிடித்த கணக்கு வேறு. கொலஸ்ட்ராலிலிருந்து ஈரல் புதிதாகச் செய்யும் பித்த உப்பு தினமும் அரை கிராம் போலத்தான். கைவசம் இருக்கும் சில கிராமே குடலுக்குப் போய், சிறுகுடலின் கடைசியில் 95 சதவீதம் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தோடு ஈரலுக்குத் திரும்பி, மறுபடி போகிறது. ஒரு நாளில் பல நடை. பையன்களை இறக்கிவிட்ட பஸ் அடுத்த ஷிப்டுக்கு ஆள் ஏற்றப் போகிற மாதிரி.

"நைட் ஷிப்ட்னா பித்தம் ஏறுது சார், தலை சுத்துது" என்றான் பின்னால் நின்றவன். அது வாதம், பித்தம், கபம் என்று சித்த வைத்தியர் சொல்லும் பித்தம், பெயர்தான் ஒன்று. தூங்கச் சொன்னேன்.

பாய் பையைக் குப்பைக் கூடையில் எறிந்தார். ஓடிவந்த தெருநாய் ஒருமுறை மோந்துவிட்டு, குடல் கிடந்த பக்கம் போனது.