கண்டதும் ஊகித்ததும்

2021 நவம்பரில் ‘ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்’ திரைப்படத்தின் முன்னோட்டம் வெளிவந்தது. அதில் மூன்று பகைவரை நோக்கி ஒரே சிலந்தி மனிதன் பாய்ந்தான். பிரேசில் நாட்டுப் பதிப்பிலோ, எவரும் தொடாமலேயே பல்லி மனிதனின் தலை அடிபட்டதுபோல் திரும்பியது. அடித்தவரைப் படக்குழு மறைத்துவிட்டது என்றும், பழைய படங்களின் சிலந்தி மனிதர் இருவரும் வருவர் என்றும் இரசிகர்கள் ஊகித்தனர். நானும் அதையே நம்பினேன்.

“‘இன்ஃபினிட்டி வார்’ முன்னோட்டப் போர்க்களத்தில் ஹல்க் ஓடிவந்தானே, படத்தில் அங்கு ஓடினானா?” என்று அண்ணன் வினவினார். அக்காட்சி படத்தில் இல்லைதான்.

டிசம்பரில் படம் வந்தது. சிலந்தி மனிதர் மூவரும் தோன்றினர். இரசிகர்கள் ஊகித்ததும் மெய்யாயிற்று. அண்ணன் ஐயுற்றதும் முறையே. அன்று முதல் முன்னோட்டம் பார்க்கையில், கண்டதை ஏட்டின் ஒரு பக்கத்திலும் ஊகித்ததை மறுபக்கத்திலும் எழுதிவைத்துப் படத்திற்காகக் காத்திருக்கிறேன்.