ஓடுற தண்ணியா, நிக்கிற தண்ணியா?

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில், கப்பலுக்கும் விசைப்படகுக்கும் வேலை பார்க்கும் கடைசல் பட்டறை அது. வாசலிலேயே ஓர் இழுவைக் கப்பலின் கடல்நீர்ப் பம்பைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். மோனெல் என்ற கலப்புலோகத்தில் செய்த ஷாப்ட்டில் ஒரு கீறல் இல்லை. அதன் நுனியில் பூட்டியிருந்த இரும்பு நட்டுதான் பாதி கரைந்து, ஸ்பானருக்குப் பிடி இல்லாமல் கிடந்தது.

“ஷாப்ட்டுக்குச் செலவழிச்சவன் நட்டுல மிச்சம் பிடிச்சிருக்கான், பாத்துக்கிடுங்க” என்றார் பட்டறை நடத்தும் அண்ணாச்சி.

உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே மின்கலம் உருவாகிவிடும். இரண்டில் மட்டமானது கரையும், உயர்ந்தது தப்பிக்கும். உயர்ந்தது பெரிதாகவும் மட்டமானது சிறிதாகவும் இருந்தால் கரைவது பல மடங்கு வேகமாகும். அமெரிக்காவில் 1915இல் ‘சீ கால்’ என்ற உல்லாசப் படகை மோனெல் தகட்டில் கட்டினார்கள். உள்சட்டத்துக்கு எஃகு வைத்தார்கள். கொஞ்ச காலத்திலேயே அரிப்பு முற்றி, படகையே உடைக்க வேண்டியதாயிற்று.

மோனெலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிக்கல். மீதி பெரும்பாலும் செம்பு. கனடாவின் சட்பரி தாதுவில் இரண்டும் கலந்திருந்த அதே விகிதம்தான் இது. இன்டர்நேஷனல் நிக்கல் கம்பெனி 1906இல் காப்புரிமை பெற்று, தன் தலைவர் ஆம்புரோஸ் மோனெலின் பெயரையே இதற்கு வைத்தது. வேகமாக ஓடும் கடல்நீரில் இது ஆண்டுக்கு 0.025 மில்லிமீட்டர்கூடத் தேயாது. பம்பு ஷாப்ட், வால்வு உள்பாகம் ஆகியவற்றுக்கு இதைத் தேடுவது அதனால்தான். கூடுதல் வலிமை வேண்டுமென்றால் அலுமினியமும் டைட்டானியமும் சேர்த்த கே-500 இருக்கிறது.

பழைய இரும்புக் கடையிலிருந்து வரும் கம்பி மோனெலா, எஸ்.எஸ். எனப்படும் துருப்பிடிக்காத எஃகா என்று எப்படித் தெரியும்? அண்ணாச்சி செய்து காட்டினார். முதலில் காந்தம். மதிய வெயிலில் கிடந்த துண்டில் அது ஒட்டவில்லை. அதே துண்டை மீன் பெட்டி ஐஸில் சற்று நேரம் புதைத்து எடுத்ததும் லேசாக ஒட்டியது. மோனெல் 400 காந்தத்தன்மையை இழக்கும் வெப்பநிலை நம் ஊர் வெயிலை ஒட்டியே இருப்பதால் வரும் வேடிக்கை அது. அடுத்து ஒரு சொட்டு நைட்ரிக் அமிலம். சொட்டு பச்சை கலந்த நீலமாக மாறியது. அதில் ஓர் இரும்பு ஆணியைத் தேய்த்தார். ஆணி முனையில் செம்பு படிந்தது. எஸ்.எஸ்ஸில் சொட்டு நிறம் மாறாமல் அப்படியே நிற்கும்.

லேத்தில் நின்ற தம்பிக்கு இந்த உலோகம் அவ்வளவு பிடிக்காது. “சப்பாத்தி மாவு கணக்கா இழுக்கும் சார். டூல் ஒரே எடத்துல நின்னு தேச்சா அந்த எடம் கெட்டிப்பட்டுப் போகும். அப்புறம் டூல்தான் உடையும்.” கூரான டூல், குறைந்த வேகம், தயங்காமல் ஆழமாக இறங்கும் வெட்டு. கந்தகம் சேர்ந்த கட்டிங் ஆயில் இதற்கு நல்லது. ஆனால் வெல்டிங்குக்கு முன் அதைச் சுத்தமாகத் துடைத்தாக வேண்டும். சூட்டில் கந்தகம் ஏறினால் நிக்கல் நொறுங்கும்.

மூலையில் ஒரு கூலரின் குழாய்க் கட்டு. அது குப்ரோநிக்கல்: 90 பங்கு செம்பு, 10 பங்கு நிக்கல், அதற்குள் ஒன்றரை சதவீத அளவுக்கு இரும்பு. கடல்நீர் பட்டதும் மேலே மெல்லிய படலம் படியும். குழாயைக் காப்பது அந்தப் படலம்தான். செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதால் கொட்டலசும் (பார்னக்கிள்) எளிதில் ஒட்டாது. தண்ணீர் அளவுக்கு மீறிய வேகத்தில் பாய்ந்தால் படலம் உரிந்துவிடும். மிக மெதுவாக ஓடினாலோ சேறு படிந்து அடியில் அரிக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் துறைமுகத் தண்ணீர். அதிலுள்ள சல்பைடு, படலம் சரியாகப் படியவே விடாது. புதுக் குழாயை முதன்முதலில் சுத்தமான கடல்நீரில் ஓட்டுவது முக்கியம்.

“எந்த உலோகம் நல்லதுன்னு கேக்காங்க. ஓடுற தண்ணியா நிக்கிற தண்ணியான்னு நான் திருப்பிக் கேப்பேன்” என்றார் அண்ணாச்சி. விசைப்படகுகளுக்கு இந்தக் கேள்வி அப்படியே பொருந்தும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையேறாமல் துறைமுகத்திலேயே நின்றால், ஷாப்ட்டில் கொட்டலசு பிடித்து அதன் அடியில் குழி விழும். நிற்கும் தண்ணீரில் மோனெலும் குழி விழும், எஸ்.எஸ்ஸுக்கு இன்னும் மோசம். அந்த நாட்களில் கூலரைத் திறந்து, கடல்நீரை வடித்து, நல்ல தண்ணீரால் கழுவி வைப்பதற்கு ஆகும் செலவு சொற்பம்.

பம்போ ஷாப்ட்டோ வாங்கப் போகிறவர்கள் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொண்டு போங்கள். தண்ணீரின் வேகம் என்ன, அது எத்தனை நாள் நிற்கும், பக்கத்தில் தொடும் உலோகம் எது? உலோகத்தின் சோதனைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். இதையெல்லாம் விசாரிக்காமல் நேரே விலையைச் சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.